ஆச்சி எந்த ஊரு?

மனோரமா எந்த ஊர்க்காரங்க? பொது அறிவுக் கேள்வின்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்ல வருஷக்கணக்கா நடந்துக்கிட்டு இருக்கிற வழக்கு இது!

‘நம்ம பக்கந்தான்’னு அடிச்சுப் பேசுற கட்சி எங்க ஆயா. (எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆயான்னா பாட்டி. ஸ்கூல் ஆயான்னு நினைச்சு யாரும் குழம்பிடாதீங்க மக்களே!) ஆயா வீடு கச்சிராயபாளையம் பக்கத்துல. வாசல்ல நின்னா கல்வராயன் மலை தெரியும். 2006-ல ஆரம்பிச்ச இலவச கலர் டி.வி. திட்டத்துல வந்த பெட்டி ஒண்ணு அங்க ரொம்ப நாள் உழைச்சுது. நான் தவழ்ந்த காலத்துலேர்ந்து அதுல பார்த்த முகங்கள்லயே அதிகமா பார்த்தது மனோரமா முகம்தான். மல்லாட்டையை உரிச்சுக்கிட்டே ஆயா பார்க்கும். திடீர்னு, “இந்தம்மா நம்ம ஊரு பொம்பள பாப்பா. வேத்தூருக்காரிக்கு இப்பிடிப் பேச வருமா?”ன்னு தீர்ப்பு சொல்லும்.

ஆயா இதை முழுசா நம்புச்சுங்கிறதுக்கு எங்க குடும்பத்துல ஒரு ஆதாரக் கதை உண்டு. 2011 சட்டமன்றத் தேர்தல்ல விஜயகாந்த் எங்க பக்கத்துல இருக்கிற ரிஷிவந்தியத்துல நின்னு ஜெயிச்சார். பிரசாரத்தைப் பார்க்கப் போயிட்டு வந்தவங்ககிட்ட ஆயா கேட்ட ஒரே கேள்வி: “அவுங்க அம்மா வர்லியா?” 1992-ல வந்த ‘சின்னக் கவுண்டர்’ படத்துல விஜயகாந்துக்கு அம்மாவா நடிச்சது மனோரமா. ஆயாவுக்கு அந்த உறவு படம் முடிஞ்சதும் முடிஞ்சு போகல!

இந்தக் கதையைச் சென்னை ஹாஸ்டல்ல சொன்னேன். சிரிப்பாங்கன்னு பார்த்தா, சண்டைக்கு வந்துட்டாங்க. காரைக்குடிக்காரி, “ஆச்சின்னாலே எங்க ஊருதான், போடி”ங்கிறா. வட சென்னைப் பொண்ணு, “எங்க ஏரியா பாஷையை அவங்க மாதிரி வேற யாரு பேசுனா?”ங்கிறா. பொள்ளாச்சிப் பொண்ணு ரொம்ப மரியாதையா, “ஏனுங்க, ‘சின்னக் கவுண்டர்’ல அவங்க பேசுனது எங்க பேச்சுங்க”ங்கிறா. ஒரே நடிகைக்கு நாலு சொந்த ஊர்!

சரி, உண்மையான விடை என்ன? மன்னார்குடி. 1937 மே 26-ல பிறந்தவங்க. பெத்தவங்க வச்ச பேரு கோபிசாந்தா. அப்பா குடும்பத்தை விட்டு விலக, அம்மா குழந்தையோட காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செஞ்சு பிழைச்சாங்க. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமப் போனதும், பொண்ணு படிப்பை விட்டுட்டு தானும் வீட்டு வேலைக்குப் போச்சு. 12 வயசுல நாடக மேடை. பேரு மனோரமாவா மாறினது அந்த மேடையிலதான்.

நடிப்புக் கல்லூரி கிடையாது, டயலாக் கோச் கிடையாது. அடுத்தவங்க வீட்டு முற்றத்தைப் பெருக்குன பொண்ணுக்கு அந்த வீட்டு ஆச்சிமார் பேச்சு காதுல விழும். நாடகக் கம்பெனியோட ஊர் ஊராப் போனா, ஊருக்கு ஒரு பேச்சு காதுல விழும். அவங்களோட பாடப் புத்தகம் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

கதாநாயகி ஆகாத கதை

சினிமாவுக்கு வந்தது 1958-ல, கவிஞர் கண்ணதாசன் தயாரிச்ச ‘மாலையிட்ட மங்கை’ மூலமா. கொடுத்தது காமெடி வேஷம். நாயகியா நடிச்சா கொஞ்ச வருஷத்துல காணாமப் போயிடுவே, நகைச்சுவைன்னா நின்னு நிலைக்கலாம்னு கண்ணதாசன் சொன்னதா அவங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. 1963-ல ‘கொஞ்சும் குமரி’யில நாயகியாவும் நடிச்சாங்க. ஆனா தமிழ் சினிமா அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது பக்கத்து வேஷத்துக்குத்தான். ஹீரோவுக்கு அக்கா, ஹீரோயினுக்கு அத்தை, வீட்டு வேலைக்காரி, வம்பு பேசுற பக்கத்து வீட்டுக்காரி, அப்புறம் அம்மா, கடைசியா பாட்டி.

அந்தப் பக்கத்து வேஷங்களைக் கூட்டிப் பாருங்க... 1,000 படங்களைத் தாண்டிடுச்சு. கின்னஸ் புத்தகத்துல பேரு வந்துச்சு. அண்ணாவோடயும் கலைஞரோடயும் நாடக மேடை, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோட சினிமா. ஆக மொத்தம் அஞ்சு முதலமைச்சர்களோட நடிச்சவங்க! 1989-ல வந்த ‘புதிய பாதை’க்குச் சிறந்த துணை நடிகைன்னு தேசிய விருது, 2002-ல பத்மஸ்ரீ.

ஆனா எண்ணிக்கையை வச்சு அவங்களைப் புரிஞ்சுக்க முடியாது. நான் லீவுல ஆயா வீட்ல உட்கார்ந்து பழைய படங்களை ஒண்ணொண்ணா பார்த்தேன். முகத்தைப் பார்க்காம, கண்ணை மூடிக் காதால மட்டும் கேட்டேன். நீங்களும் ட்ரை பண்ணுங்க, சுவாரஸ்யமா இருக்கும்.

1968-ல ரெண்டு படம். ‘பொம்மலாட்டம்’ல மெட்ராஸ் பாஷையில ஒரு பாட்டையே பாடியிருக்காங்க. அதே வருஷம் ‘தில்லானா மோகனாம்பாள்’ல ஜில் ஜில் ரமாமணி. அந்தப் பேச்சுல நாடகக் கொட்டகை வாசனை அடிக்கும். சிவாஜியும் பத்மினியும் நிக்கிற படத்துல, கொஞ்ச நேரமே வர்ற அந்த நாடகக்காரி மனசுல தங்கிடுறா. ஏன்னா அது கத்துக்கிட்டு வந்த பேச்சு இல்ல. அவங்க நடந்து வந்த பாதை.

1986-ல ‘சம்சாரம் அது மின்சாரம்’. வேலைக்காரி கண்ணம்மா. படிச்சவங்களும் சம்பாதிக்கிறவங்களும் நிறைஞ்ச வீட்ல, ஒரு சிக்கலைத் தீர்க்க முடியாம எல்லாரும் முழிக்கும்போது, அந்த வீட்டுப் பொண்ணோட மாமனார் முன்னாடி மெட்ராஸ் பாஷையில ஒரு நாடகமே நடத்தி விஷயத்தை முடிச்சுடுறது இந்தக் கண்ணம்மாதான். சின்ன வயசுல நிஜமாவே வீட்டு வேலை செஞ்சவங்க அந்த வேஷத்தைப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா, அந்தச் சிரிப்புக்குள்ள வேற ஒண்ணு தெரியும்.

1990-ல ‘நடிகன்’ல கல்யாணமே ஆகாம வயசாகிப்போன பேபியம்மா. 1991-ல ‘சின்ன தம்பி’ அம்மா. ஊர் நடுவுல அவங்களை அவமானப்படுத்துற காட்சி வந்தா எங்க ஆயா எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிடும், பார்க்க மாட்டேன்னு. 1993-ல ‘ஜென்டில்மேன்’ல பிள்ளையோட டாக்டர் படிப்புக்காக உயிரையே விடுற ஏழைத் தாய். ஒவ்வொண்ணுலயும் ஒரு பேச்சு, ஒரு ஊரு, ஒரு பொம்பளை.

கூத்துல கிடைச்ச விடை

இவ்வளவு பேச்சு எப்படி ஒரே வாயில வந்துச்சுங்கிறதை விட எனக்குப் பெரிய கேள்வி வேற. பேச்சை வச்சுச் சிரிக்க வைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க மேல சம்பந்தப்பட்ட ஊர்க்காரங்களுக்குக் கோபம் வரும். ஆச்சி மேல மட்டும் ஏன் எல்லா ஊர்க்காரங்களும் உரிமை கொண்டாடுறாங்க?

இதுக்கு விடை எனக்குக் கிடைச்சது கல்வராயன் மலை மேல!

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறுனா காத்தே மாறிடும். அங்க இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். (கேரளாவா? இல்லீங்க. மலையை ஆளுறவங்க, மலையில வாழுறவங்கன்னு அர்த்தம். பேசுறது தமிழ்தான்.) 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. அங்க திருவிழான்னா தெருக்கூத்து. என்கூடப் படிச்ச தோழி ஊர்ல ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்தேன்.

கூத்துல முதல்ல வர்றது ராஜா இல்ல, கட்டியக்காரன். திரைக்குப் பின்னாடி ராஜா கிரீடமும் புஜக்கட்டையுமா நிப்பாரு. கட்டியக்காரன், “யாருய்யா நீ? எந்த ஊரு?”ன்னு கேட்டாதான் அவரு தன் பெருமையைச் சொல்லிக்கிட்டு வெளிய வருவாரு. ராஜா பேசுறது அடுக்கு மொழி, பாட்டு, வசனம். கட்டியக்காரன் பேசுறது கேட்டுக்கிட்டு இருக்கிற சனங்களோட பேச்சு. ராஜா ஒரு நிமிஷம் மூச்சு விடாம முழங்குவாரு. இவரு ஒரே வரியில, “அதெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி?”ம்பாரு. கூட்டம் குலுங்கும்.

நல்லா கவனிச்சா, கூட்டம் சிரிக்கிறது ராஜாவைப் பார்த்து. தன்னோட பேச்சுல ஒருத்தன் ராஜாவையே மடக்கிட்டானேங்கிற சந்தோஷத்துல சிரிக்குது. கட்டியக்காரன் கேலிப் பொருள் இல்ல, அவரு நம்ம ஆளு!

தமிழ் சினிமாவோட கட்டியக்காரி மனோரமா. ஹீரோக்கள் வசனம் பேசுவாங்க. ஆச்சி வந்து பேச்சு பேசுவாங்க. அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரங்கதான் தியேட்டர்ல முதல்ல சிரிச்சாங்க. மத்தவங்க அப்புறம் சேர்ந்துக்கிட்டாங்க. அவங்க செஞ்ச எல்லா சீனும் ஒசத்தின்னு நான் சொல்ல வரல. துருத்திக்கிட்டு நிக்கிற பல்லை மாட்டிவிட்டு, தோற்றத்தை வச்சுச் சிரிக்க வைக்கப் பார்த்த டைரக்டர்களும் உண்டு. ஆனா அந்தப் பல்லுக்குப் பின்னாலேர்ந்து ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துனாங்க பாருங்க, அது ஆச்சியோட கெட்டிக்காரத்தனம். ‘சின்னக் கவுண்டர்’ பார்த்துட்டு எங்க ஆயா பல்லைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. “பாவம், புள்ள மேல எவ்ளோ உசுரு”ன்னுதான் சொல்லும்.

இன்னொரு சிரிப்பு

சிரிப்புல இன்னொரு வகை இருக்கு. அதைப் பத்தியும் சொல்லியே ஆகணும்.

ஆயாவுக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஊரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டோக்கன் வாங்குற இடத்துல ஆயா, “எம்மா, எங்க குந்துறது?”ன்னு கேட்டுருக்கு. எங்க பக்கம் குந்துறதுன்னா உட்கார்றது. அங்க இருந்தவங்கள்ல ஒருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிச்சுருக்காங்க. பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க. டாக்டர்கிட்ட போகிறதுக்கு முன்னாடி என்ன தொந்தரவுன்னு விசாரிச்சப்போ, “காலு மதமதன்னு இருக்குதும்மா, ரவ நேரம் குந்துனா...”ன்னு ஆயா ஆரம்பிக்க, மறுபடி சிரிப்பு. கெட்ட மனசுல சிரிக்கலன்னு எங்கம்மா சொல்வாங்க. அவங்களுக்கு அது ஒரு தமாஷ். நாள் பூரா வேலை செய்யற எரிச்சல்ல கொஞ்சம் ஜாலி.

அப்புறம் ஆயா பேசல. அடுத்தடுத்த செக்கப்ல டாக்டர் என்ன கேட்டாலும், “ஒண்ணுமில்லீங்க”. அவ்வளவுதான். கால் மரத்துப் போறது சர்க்கரை வியாதிக்காரங்க கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம். மரத்துப் போன கால்ல கல் குத்துனாலும் தெரியாது, புண்ணு வந்தாலும் வலிக்காது. ஆயாவுக்குக் கொல்லையில எதுவோ குத்தி, தெரியாமலே புண்ணாகி, பழுத்து, நாங்க கண்டுபிடிச்சப்போ இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

“ஏன் ஆயா சொல்லல?”ன்னு நான் அழுதுக்கிட்டே கேட்டேன். ஆயா சொன்ன பதில்: “நான் பேசுனா சிரிக்கிறாங்க பாப்பா.”

பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறதுல இப்படி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பேசுறவங்களை இன்னும் பேச வைக்கும். இன்னொண்ணு, வாயை மூட வச்சுடும். முதல் வகையை 1,000 படத்துல செஞ்சவங்க ஆச்சி. ரெண்டாவது வகையை நாமெல்லாம் தினமும் கேன்டீன்ல, க்ளாஸ்ல, ஆஃபீஸ்ல பார்த்துக்கிட்டு இருக்கோம். அதுக்குப் பேரு ‘சும்மா கலாய்ச்சேன்’.

எட்டு நிமிஷ ஆஸ்கர்

‘ஹாரி பாட்டர்’ பார்த்தவங்களுக்குப் பேராசிரியை மெக்கோனகலைத் தெரியும். நடிச்சது மேகி ஸ்மித். 2024-ல காலமானாங்க. அவங்களுக்கு இங்கிலாந்து அரசு 1990-லேயே ‘டேம்’ பட்டம் கொடுத்துடுச்சு. ஆம்பளைங்களுக்கு ‘சர்’ பட்டம் மாதிரி பொம்பளைங்களுக்கு அது. இன்னொரு டேம் ஜூடி டென்ச். ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்துல அவங்க திரையில வர்றது சுமார் 8 நிமிஷம்தான். அதுக்கு 1999-ல ஆஸ்கர்! அரை மணி நேரம் வந்தாதான் நடிப்பா, எட்டு நிமிஷத்துல ஒரு மகாராணியையே காட்டிட்டாங்களேன்னு அங்க கொடுத்துட்டாங்க.

ஆச்சிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல நடிச்சதுல ஒரே ஒரு தேசிய விருது. அது குறையா நிறையான்னு பட்டிமன்றம் வைக்கலாம். ஆனா ஒரு விஷயம் இருக்கு. அந்த டேம்களுக்கு விருது கொடுத்தது அரசாங்கமும் அகாடமியும். மனோரமாவுக்கு ‘ஆச்சி’ன்னு பேரு கொடுத்தது சனங்க. செட்டிநாட்டுல வீட்டுப் பெரிய மனுஷியைக் கூப்பிடுற அந்த வார்த்தையை, செட்டிநாடு எங்க இருக்குன்னே தெரியாத எங்க மலையடிவாரத்துக்காரங்களும் சொல்றாங்க. 2015 அக்டோபர் 10-ம் தேதி ஆச்சி காலமானபோது எனக்குப் பத்து வயசு. மறுநாள் டி.வி.யில அந்தச் செய்தியைப் பார்த்துட்டு, எங்க ஆயா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிச்சு. சொந்தக்காரங்க செத்தா செய்யற மாதிரி.

எங்க பேச்சு எங்கே?

ஆயாகிட்ட நான் இதுவரைக்கும் சொல்லாத ஒரு உண்மை இருக்கு. ஆச்சி பேசுன அத்தனை பேச்சுலயும் எங்க நடுநாட்டுப் பேச்சைத் தேடித் தேடிப் பார்த்தேன். அங்கங்க ஒரு சாயல் இருக்கு, அவ்வளவுதான். மதுரைப் பேச்சு, கொங்குப் பேச்சு, நெல்லைப் பேச்சு, மெட்ராஸ் பாஷைன்னு சினிமாவுல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், விழுப்புரம் பேச்சுக்கு ஒதுக்கீடு ரொம்பக் கம்மி! கதைகள்ல இருக்கு. இமையம் எழுதுறார். கண்மணி குணசேகரன் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ன்னு ஒரு அகராதியே தொகுத்திருக்கார். ஆனா திரையில, தியேட்டர்ல, ‘அடடே நம்ம பேச்சு’ன்னு நிமிர்ந்து உட்கார வைக்க ஒரு ஆச்சி எங்களுக்கு இன்னும் வரல.

மல்லாட்டைன்னு முதல்லயே சொன்னேனே, என்னன்னு புரிஞ்சுதா? வேர்க்கடலைங்க! மணிலாவுலேர்ந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை, அது தேய்ஞ்சு எங்க வாயில மல்லாட்டை ஆச்சு. எங்கேயோ இருக்கிற பிலிப்பைன்ஸ் தலைநகரமே எங்க கொல்லையில வந்து குந்தியிருக்கு. இதுல சிரிக்க என்ன இருக்கு? ஆச்சர்யப்படத்தான் இருக்கு!

இப்ப எங்க காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங் நடக்குது. ‘ஊர்ச் சாயல் இல்லாமப் பேசுங்க’ன்னு கத்துக்கொடுக்கிறாங்க. வேலைக்கு அது தேவைதான், கத்துக்கிறேன். வெள்ளைக்காரன்கிட்ட வெள்ளைக்காரன் மாதிரியும், மெட்ராஸ்ல மெட்ராஸ் மாதிரியும் பேசுறது தப்பில்ல. ஆச்சி செஞ்சதும் அதுதானே! எந்த வேஷத்துக்கு எந்தப் பேச்சோ, அதைச் சுத்தமா பேசிட்டு, கழட்டி வச்சுட்டுப் போனாங்க. அதனால அவங்க பள்ளத்தூர்ப் பேச்சு குறைஞ்சா போச்சு?

ஆனா ஆயாவோட செக்கப்புக்கு இப்பெல்லாம் நான்தான் கூடப் போறேன். டாக்டர் கேட்டா, நான் மொழிபெயர்க்கிறது இல்ல. “ஆயா, நீயே சொல்லு”ம்பேன். போன மாசம் ஆயா ரொம்ப யோசிச்சு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, “ராத்திரியில காலு திகுதிகுன்னு எரியுது சாமி. அப்பால விடியக்காலம் மதமதன்னு ஆயிடுது. வூட்டாண்ட நடந்தாக்கூட செருப்பு எங்க கழண்டுச்சின்னே தெரியல”ன்னு முழுசா சொல்லி முடிச்சுது.

அந்த இளம் டாக்டர் சிரிக்கவே செஞ்சார். ஆனா பேனாவைக் கீழ வைக்காம, “மதமதன்னா எப்படிம்மா? எந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்குது, காட்டுங்க”ன்னு கேட்டார். ஆயாவும் சிரிச்சுக்கிட்டே காலை நீட்டுச்சு.